சகலை மாட்டிய கண்ணாடி

வீட்டைக் காலி பண்ணுகிற அன்றைக்குச் சுவரில் ஓட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஆள் யாராவது உண்டா? மாஸ்டர் சந்தோஷப்பட்டார். அதுவும் பாதி அட்வான்ஸ் அந்த ஓட்டைக்குள் போய்விடும் என்று தெரிந்த பிறகும்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கார் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் தனியாக வைத்திருக்கும் பிரேக்கை மிதித்து ஊரைக் காப்பாற்றுகிற வேலை. அதே பழக்கம் ஆகி, இப்போது எங்கே உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனால் மிதிக்கும். மனைவி பேச்சில் வேகம் கூடினால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மிதிக்கும். அந்தப் பிரேக் மட்டும் இதுவரை ஒருநாளும் பிடித்ததில்லை.

சாமான் எல்லாம் வண்டியில் ஏறி, ஹாலில் கண்ணாடி ஒன்றுதான் பாக்கி. ஆள் உயரக் கண்ணாடி. மாஸ்டருடைய சகலை, அதாவது மச்சினியின் புருஷன், மாட்டிவிட்டுப் போனது. ஓனர் மாடியிலிருந்து டார்ச் லைட்டோடு இறங்கி வந்திருந்தார். நல்ல வெயில் நேரத்தில் மனுஷன் டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். டாக்டர்கூட அவ்வளவு பொறுமையாக நெஞ்சைத் தட்டிப் பார்க்கமாட்டார்.

"குழாய் ஒழுகுது. சிங்க்ல கீறல். ஜன்னல்ல ஒரு கொக்கி இல்ல" என்று ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தவர், "கண்ணாடியையும் எடுங்க, பாத்துடலாம்" என்றார்.

மாஸ்டர் எடுத்தார். பின்னால் ஒரு ஓட்டை. உள்ளங்கை போகிற அளவுக்குக் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. அதிலிருந்து விரிசல் ஒன்று கிளம்பி ஜன்னல் வரைக்கும் ஓடியிருந்தது.

"என்ன மாஸ்டர் இது" என்று ஓனர் டார்ச்சை அதன் மேலேயே நிறுத்தினார். "இது சில்லறை வேலை இல்ல. சுவர் முழுக்கக் கொத்திப் பூசி, பெயிண்ட் அடிக்கணும். பாதி அட்வான்ஸ் இதுக்கே போயிடும்."

பணம் போகிறது என்று மாஸ்டருக்கு முதலில் உறைக்கவே இல்லை. உறைத்தது வேறு. இந்தக் கண்ணாடியை மாட்டினது யார்? சகலை. அப்போ இந்த ஓட்டையை மறைத்தது யார்? சகலை. வயிற்றில் யாரோ பாலை வார்த்தது போல இருந்தது. மாட்டிக்கிட்டாரய்யா.

சகலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வயசில் சின்னவர். பேச்சில் அதிர்வே இருக்காது. கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் "இப்ப தெளிவா இருக்கா? இது தேவலையா, அது தேவலையா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவார். அவர் வருகிற வரைக்கும் மாமனார் வீட்டில் ஒரே மாப்பிள்ளையாக மாஸ்டர் ராஜாவாக இருந்தார். அவர் வந்த அன்றைக்கு மாஸ்டர் 'பெரிய மாப்பிள்ளை' ஆனார். பேரில்தான் பெரிசு. விசேஷம் எல்லாம் சின்ன மாப்பிள்ளைக்கு. மாமனாருக்குக் கண்ணாடி போட்டுக்கொடுத்தது சின்ன மாப்பிள்ளை. மாமியார் முழங்கால் வலிக்கு டாக்டர் பார்த்துக்கொடுத்தது சின்ன மாப்பிள்ளை. மாஸ்டர் மட்டும் சும்மாவா இருந்தார்? மாமனாருக்கு அறுபது வயசுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மாமனார் லைசென்ஸ் வாங்கின கையோடு முதலில் ஓட்டிக்கொண்டு போனது சின்ன மாப்பிள்ளை கடைக்கு. இதற்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த வாடகை வீடுகூட சகலை இருந்த வீடுதான். அவர் சொந்தமாக ஃபிளாட் வாங்கிக்கொண்டு போனபோது, "அண்ணே, நல்ல வீடு, நீங்க வந்துடுங்க, நான் ஓனர்கிட்ட சொல்றேன்" என்றார். வாடகை குறைவு என்று மாஸ்டர் வந்துவிட்டார். வந்ததுதான் தப்பு. குப்பை வாளி வாசலில் இருந்தால் ஓனர் சொல்வார்: "உங்க சகலை இருந்தப்ப வீடு கண்ணாடி மாதிரி இருக்கும்." தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்தால், "உங்க சகலைக்கு மறதியே கிடையாது." எல்லாவற்றுக்கும் மேல், சகலை காலி பண்ணினபோது அட்வான்ஸ் பைசா குறையாமல் திரும்பி வந்ததாம். அதை மாமனார் வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். "அந்த ஓனர்கிட்ட முழு அட்வான்ஸ் வாங்கின ஒரே ஆள் நம்ம சின்ன மாப்பிள்ளைதான்."

அந்த மனுஷன் பரிசாக மாட்டிவிட்டுப் போன கண்ணாடி முன்னாடிதான் மாஸ்டர் இத்தனை வருஷமும் தலை சீவினார். ஒவ்வொரு நாளும் காலையில் முதலில் தெரிவது தன் மூஞ்சி, அடுத்து ஞாபகம் வருவது அவர் மூஞ்சி. கழற்றிப் போட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தார். மனைவி விடவில்லை. "எவ்வளவு ஆசையா மாட்டிட்டுப் போனார், உங்களுக்கென்ன அது மேல கோபம்?" என்பாள். என்ன கோபம் என்று வாய் திறந்து சொல்ல முடியுமா?

புது வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாளே மாஸ்டர் மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். கண்ணாடியை வேண்டுமென்றே பழைய வீட்டிலேயே சாய்த்து வைத்துவிட்டு வந்திருந்தார். சாட்சி அது, நகர்த்தக்கூடாது.

"உன் தங்கச்சி புருஷன் பண்ண வேலையப் பாத்தியா? ஓட்டையப் போட்டுட்டு, கண்ணாடிய மாட்டி மறைச்சு, முழு அட்வான்ஸையும் சுருட்டிட்டு, அப்பாவி மாதிரி நம்மள அங்க குடி வச்சிருக்கார்."

"அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க."

"அதான். அந்த வார்த்தையத்தான் உங்க வீட்ல எல்லாரும் சொல்லுவீங்க. அதுக்குத்தான் ஒரு முடிவு கட்டணும்."

"பணம் வேணும்னா ஓனர்கிட்ட பேசுங்க. இதுல சின்னவ புருஷன ஏன் இழுக்கறீங்க? அவ மனசு கஷ்டப்படும்." அவள் குரல் ஏறியது. மேஜைக்கு அடியில் மாஸ்டர் கால் மிதித்தது. பிடிக்கவில்லை. "உங்களுக்குப் பணம் முக்கியமா, அவர் மாட்டிக்கறது முக்கியமா?"

அதற்குப் பதில் சொன்னால் கேவலம். பணம் வந்தால் நல்லதுதான், புது வீட்டு அட்வான்ஸில் பாக்கி நிற்கிறது. ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியது ஒன்றே ஒன்று. மாமனார் வாயால், ஒரே ஒரு தடவை, 'சின்ன மாப்பிள்ளை இப்படிப் பண்ணிட்டாரா' என்று கேட்கவேண்டும். காதாரக் கேட்கவேண்டும்.

அதனால் மாமனாரையே அழைத்தார். மாமனார் கோர்ட் வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற வேலை பார்த்து ரிட்டையரானவர். வாழ்நாள் முழுக்க வாசலிலேயே நின்றதால், உள்ளே இருந்த ஜட்ஜைவிடத் தனக்குத்தான் சட்டம் அதிகம் தெரியும் என்பது அவர் எண்ணம். "ஓனர் பாதி அட்வான்ஸப் புடிச்சுக்கிட்டார் மாமா, நீங்க வந்து நியாயம் சொல்லணும்" என்றதும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். சகலைக்குப் போன் போட்டு, "உங்க மேல ஓனருக்கு மரியாதை. நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொன்னா வேலை ஆகும்" என்றார் மாஸ்டர். ஓட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை.

"கண்டிப்பா வர்றேண்ணே. கடைய லேட்டா தொறந்துக்கறேன்" என்றார் சகலை. பாவம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காலியாகக் கிடந்த அந்த ஹாலில் நாலு பேரும் நின்றார்கள். உட்கார நாற்காலி இல்லை. பேசினால் எதிரொலித்தது. மாஸ்டருக்கு அந்த எதிரொலி பிடித்திருந்தது, ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தடவை கேட்கும். ஓனர் டார்ச்சோடு வந்திருந்தார்.

மாஸ்டர் சுவரைக் காட்டினார். "பாருங்க மாமா. கண்ணாடிய எடுத்தா இது. இந்தக் கண்ணாடி எப்பவும் இங்கதான் மாட்டியிருந்துச்சு. நாங்க வந்தப்பவே மாட்டியிருந்துச்சு." கடைசி வாக்கியத்தை மெதுவாக, அழுத்தி, சகலையைப் பார்க்காமல் சொன்னார்.

மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஓட்டையைப் பார்த்தார். அந்தக் கண்ணாடியும் சின்ன மாப்பிள்ளை கொடுத்ததுதான்.

சகலை ஓட்டையைப் பார்த்தார். முகத்தில் அதிர்ச்சி இல்லை, லேசான சங்கடம் மட்டும். "சார்" என்று ஓனர் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் வெளிய வர்றீங்களா, தனியா பேசிடலாம்."

விடுவாரா மாஸ்டர்? இதற்காகத்தானே இத்தனை ஏற்பாடு. "தனியா என்ன பேச்சு சகலை? எல்லாரும் நம்ம ஆளுங்கதானே. மாமா இருக்கார், நான் இருக்கேன். இங்கயே பேசுங்க."

"வேணாம்ணே. சின்ன விஷயம், நான் முடிச்சுக் குடுத்துடறேன்."

"சின்ன விஷயமா? பாதி அட்வான்ஸ் போகுது. மாமா, நீங்களே கேளுங்க, இந்த ஓட்டை அவர் இருந்தப்ப இருந்ததா இல்லையான்னு."

மாமனார் தொண்டையைச் செருமினார். முப்பது வருஷம் பேர் கூப்பிட்ட தொண்டை. "சின்ன மாப்பிள்ளை. இது நீங்க இருந்தப்பவே இருந்ததா?"

சகலை தரையைப் பார்த்தார். "ஆமா மாமா."

ஆகா. மாஸ்டருக்கு அந்த இரண்டு வார்த்தையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. மாமனார் புருவம் சுருங்குவதை ஆசை தீரப் பார்த்தார். இதோ, வரப்போகிறது, அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"அப்ப மறைச்சு வச்சிருக்கீங்களா மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

சகலை பெருமூச்சு விட்டு ஓனரைப் பார்த்தார். "சார், நீங்களாவது சொல்லியிருக்கலாம். இதுக்குத்தான் நான் காலி பண்ணும்போதே என் அட்வான்ஸ்ல புடிச்சுக்கிட்டீங்களே. கொத்தனார் அடுத்த வாரம் வந்து பூசிடுவார்னு சொன்னீங்க. அதுவரைக்கும் அண்ணன் வீட்டு ஹால் அசிங்கமா இருக்கவேண்டாம்னுதான் நான் கண்ணாடிய மாட்டினேன்."

ஹாலில் அது இரண்டு தடவை கேட்டது. ஓனர் டார்ச்சை அணைத்தார்.

"ஒரே ஓட்டைக்கு ரெண்டு பேர்கிட்டயா?" என்றார் மாமனார். குரலில் கோர்ட் வந்துவிட்டது.

"மறந்துபோச்சுங்க. வயசாகுதில்ல" என்று ஓனர் இழுத்தார். ஆனால் மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணு கேக்கறேன். நியாயம்னு வந்துட்டா முழுசா பேசணும். இடிச்சது யாரு? இவரா?" என்று சகலையைக் காட்டினார். "இல்ல. நான் மாடியில நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தேன். பீரோ வந்த அன்னைக்கு, 'வா வா வா, ரைட்ல ஒடி, இன்னும் ரிவர்ஸ் வா, எடம் இருக்கு'ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சத்தம் போட்டது யாரு?"

மாஸ்டருக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. மறக்கிற நாளா அது? சகலை இந்த வீட்டுக்குக் குடி வந்த நாள். சாமான் இறக்கினதை முன்னாடி நின்று நடத்தியது அவர்தான். இரும்பு பீரோவைத் தலைமாட்டில் அவர் பிடித்து, கால்மாட்டில் சகலை பிடித்து, ஒரே மூச்சில் காரை பார்க் பண்ணுகிற மாதிரி சுவரோடு சேர்த்தார்கள். கடைசியில் 'மடக்' என்று ஒரு சத்தம். "உக்காந்துடுச்சு பாத்தீங்களா" என்று கை தட்டினார் மாஸ்டர். "ஒண்ணுமில்லண்ணே, சரியா உக்காந்துடுச்சு" என்றார் சுவர்ப்பக்கம் நின்ற சகலை. அன்றைக்கு மாமனார் மாஸ்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். சகலை விஷயத்தில் மாஸ்டர் ஜெயித்த ஒரே நாள் அது. அதை இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்தார்.

"பீரோவ எடுத்தப்பதான் நான் ஓட்டையப் பாத்தேன்" என்று ஓனர் தொடர்ந்தார். "இவர்கிட்ட கேட்டா, 'நானே கட்டிடறேன் சார், முழு அட்வான்ஸும் வந்துடுச்சுன்னு வீட்ல சொல்லிக்கறேன், அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவர் ஆசையா வந்து உதவி பண்ணார், மனசு கஷ்டப்படுவார்'ன்னார். நானும் இன்னைக்கு வரைக்கும் சொல்லல. வாக்குன்னா வாக்கு. இப்ப இடிச்சவர்கிட்டயே கேக்கறேன். அதுல என்ன தப்பு?"

மாஸ்டருடைய வலது கால் தரையை மிதித்தது. ஒருமுறை, இரண்டுமுறை. எதுவும் நிற்கவில்லை.

"அதெல்லாம் பழைய கதை" என்றார் சகலை அவசரமாக. "ரெண்டு பேர்தானே தூக்கினோம். என் மேலயும் தப்பு இருக்கு. சார், நீங்க அண்ணனோடதக் குடுத்துடுங்க, பேச்ச இதோட விட்டுடலாம்."

மாமனார் விடுகிற ரகமா? ஒரு ஓட்டைக்கு ஒரு வசூல்தான் என்று ஓனரிடம் தீர்ப்பு சொன்னார். ஓனர் முணுமுணுத்துக்கொண்டே மாடிக்குப் போய்ப் பணத்தைக் கொண்டுவந்து, குழாய்க்கும் சிங்க்குக்கும் கொக்கிக்கும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மாஸ்டர் கையில் கொடுத்தார். வழக்கு ஜெயித்துவிட்டது. மாஸ்டர் கையில் பணம் கனத்தது.

"இது நியாயமா சின்ன மாப்பிள்ளைக்குச் சேரவேண்டியது" என்றார் மாமனார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"இந்தாங்க சகலை" என்று நீட்டினார் மாஸ்டர்.

"அய்யோ, வேணாம்ணே. புது வீட்டு அட்வான்ஸ் பாக்கி இருக்குன்னு அக்கா சொன்னாங்க, அதுக்குக் கட்டுங்க."

மாஸ்டர் அவர் சட்டைப் பையில் திணிக்கப் பார்த்தார். சகலை கையைப் பிடித்துக்கொண்டார். வாங்கித் தொலையேன்யா என்று மாஸ்டருக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. வாங்கினால் கணக்குத் தீரும், வாங்கமாட்டேன் என்கிறானே.

மாமனார் ஒரு வார்த்தை சொன்னார். மாஸ்டர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைதான், கிட்டத்தட்ட. "சின்ன மாப்பிள்ளை இப்படிப் பண்ணியிருக்காரா!" என்றார், கண் கலங்க. "யாருக்கு வரும் இந்த மனசு."

இத்தனை நாள் மாஸ்டர் அவருடைய ஃபிளாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டார், கடையைப் பார்த்துப் பொறாமைப்பட்டார், மாமனார் வீட்டில் அவருக்கு விழுகிற முதல் மரியாதையைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. ஃபிளாட் கடன் வாங்கியாவது கட்டலாம். இதை எங்கே போய் வாங்குவது? திருடன் என்று கையும் களவுமாகப் பிடிக்கவந்த இடத்தில், அந்த ஆள் இத்தனை வருஷமாகத் மாஸ்டருக்கே தெரியாமல் மாஸ்டர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். மனுஷன் கெட்டவனாகக்கூட இருக்கமாட்டேன் என்றால் மற்றவன் எப்படித்தான் மூச்சு விடுவது?

போதாக்குறைக்கு, சாய்த்து வைத்திருந்த கண்ணாடியைப் பார்த்து, "இத மறந்துட்டீங்களாண்ணே? வாங்க, நானே புது வீட்ல மாட்டித் தர்றேன்" என்றார் சகலை.

மாஸ்டர் கார் ஓட்டினார். மாமனார் முன்னாடி உட்கார்ந்தார். சகலை பின் சீட்டில் கண்ணாடியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். மாமனார் வழி நெடுக சின்ன மாப்பிள்ளை புராணம் பாடினார். அத்தனைக்கும் நடுவில் மாஸ்டர் ஒரு சிக்னலைக்கூடத் தவறவிடவில்லை.

புது வீட்டில் மாஸ்டர் மனைவி புருஷன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். அப்பாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய் அடுக்களையில் நாற்காலி போட்டு டீ வைத்தாள். அப்பா அங்கே மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல ஆரம்பித்தார். ஹாலில் சகலைகள் இருவர் மட்டும்.

புது சுவர். வெள்ளையடித்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. புது ஓனர் கீழ் வீட்டிலேயே இருக்கிறார். சகலை ஸ்டூலில் ஏறி, உயரம் பார்த்து, "இப்ப சரியா இருக்கா? இது தேவலையா, கொஞ்சம் கீழ தேவலையா?" என்று கேட்டார்.

"எங்கயாவது அடிங்க" என்றார் மாஸ்டர், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு. கண்ணாடியில் சகலையின் முதுகும் தன் மூஞ்சியும் ஒன்றாகத் தெரிந்தன. பார்க்கச் சகிக்கவில்லை.

சகலை ஆணியை வைத்து அடித்தார். மெதுவாக ஒன்று. சரியாக ஒன்று. மூன்றாவது அடி சறுக்கி, சுத்தியல் சுவரில் இறங்கியது. ஒரு தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து, ஸ்டூல் மேலும் தரையிலும் சடசடவென்று கொட்டியது. செங்கல் பல்லைக் காட்டியது.

சகலை சுத்தியலோடு அப்படியே நின்றார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் மாஸ்டர் அந்த முகத்தில் அப்படி ஒரு முழியைப் பார்த்ததே இல்லை. புது வீடு, புது சுவர், வந்த வாரத்திலேயே ஓட்டை, அதுவும் சின்ன மாப்பிள்ளை கையால். மாமனார் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். மாஸ்டர் இதற்காகத்தான் எத்தனையோ நாள் காத்திருந்தார். வாயைக்கூடத் திறக்கவேண்டாம், சும்மா நின்றால் போதும்.

"என்ன சத்தம் அங்க?" என்று அடுக்களையிலிருந்து கோர்ட் குரல் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் ஹாலை நோக்கி வந்தது.

சகலை ஸ்டூலிலிருந்து இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்ததுமே மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. இவன் மறைக்கமாட்டான். 'நான்தான் மாமா, கை தவறிடுச்சு' என்று அந்த மெல்லிய குரலில் சொல்லப்போகிறான். மாமனார் அதற்கும் உருகப்போகிறார். எவ்வளவு நேர்மை என்று அதற்கு இன்னொரு புராணம் பிறக்கும். இவனுக்கே எல்லாமுமா? மறைத்த நல்ல பேரும் இவனுக்கு, ஒத்துக்கொண்ட நல்ல பேரும் இவனுக்கா? எனக்கென்று ஒன்றுகூட மிச்சம் வைக்கமாட்டானா?

மாஸ்டர் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சகலை கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான்தான் மாமா" என்றார். "அடிச்சுப் பாத்தேன், பேந்துடுச்சு."

மாமனார் சுவரையும் பார்த்தார், சுத்தியலையும் பார்த்தார். "அதானே பாத்தேன். ஒரு ஓட்டை பத்தலையா மாப்பிள்ளை உங்களுக்கு? அவர்கிட்டயே விட்டிருக்கலாமில்ல?"

சகலை வாயைத் திறந்தார். "இல்ல மாமா, அது வந்து..."

மாஸ்டருடைய வலது கால் தானாகப் போய், சகலையின் கால் மேல் முழு பலத்தோடு இறங்கியது.

சகலை வாயை மூடிக்கொண்டார்.